காஸ்மிக் கதிர்களின் பிறப்பிடம்: நண்டு நெபுலா தரும் பாதி விடை

2021-ஆம் ஆண்டில், சீனாவின் சிச்சுவான் மாகாணத்து மலைமேல் இயங்கும் லாசோ ஆய்வகம் அடுத்தடுத்து இரண்டு முடிவுகளை வெளியிட்டது. நம் பால்வெளி மண்டலத்தின் 12 இடங்களிலிருந்து, மிக உயர்ந்த ஆற்றலுடன் காமா கதிர்கள் வருகின்றன என்பது முதல் முடிவு. அந்தப் பன்னிரண்டில் ஒன்றான நண்டு நெபுலாவிலிருந்து வந்த ஒரு காமா கதிரின் ஆற்றல் 1.1 பெட்டா எலெக்ட்ரான் வோல்ட் என்பது இரண்டாவது. நூறாண்டுக்கு மேலாக நீடித்துவரும் காஸ்மிக் கதிர்ப் புதிர் இத்துடன் தீர்ந்துவிட்டது என்று இதைப் படித்த ஒருவர் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அது சரியல்ல. அதற்காக இதைச் சிறிய செய்தி என்று தள்ளிவிடவும் முடியாது. எது தெரிந்தது, எது தெரியவில்லை என்பது விளங்க, நண்டு நெபுலா எப்படி இயங்குகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து பூமியின்மீது இடைவிடாமல் வந்து விழும், மின்னூட்டம் கொண்ட துகள்களுக்குத்தான் இந்தப் பெயர். 1912 ஆகஸ்டில் ஆஸ்திரிய இயற்பியலர் விக்டர் ஹெஸ் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறிப்போய் அளந்தார். மேலே போகப்போகக் கதிர்வீச்சு கூடியது. அப்படியானால் அது மண்ணிலிருந்து கிளம்பவில்லை, வானத்திலிருந்து வருகிறது. இப்படி வருபவற்றில் சுமார் 90 சதவீதம் புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுவின் கருக்கள். மீதியில் பெரும்பகுதி ஹீலியம் கருக்கள். எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். இந்த விகிதத்தை வாசகர் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் விஷயமே இதில்தான் வந்து நிற்கும்.

ஆற்றலை அளக்க எலெக்ட்ரான் வோல்ட் என்ற அலகு பயன்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது ஓர் ஒளித்துகளுக்கு, இரண்டு மூன்று எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் சேர்ந்தால் ஒரு டெரா எலெக்ட்ரான் வோல்ட். சுருக்கமாக டெரா என்போம். ஆயிரம் டெரா ஒரு பெட்டா. ஜெனீவா அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த மாபெரும் ஹாட்ரான் மோதுவி, ஒரு புரோட்டானுக்கு ஏற்றக்கூடிய ஆற்றல் சுமார் 7 டெரா. காஸ்மிக் கதிர்களில் பல பெட்டாக்களைத் தாண்டியவையும் உண்டு. ஆற்றல் கூடக்கூட அவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. சுமார் 3 பெட்டாவில் அந்தச் சரிவு திடீரென்று இன்னும் செங்குத்தாகிறது. வரைபடத்தில் விழும் இந்த மடிப்பைத் துறையினர் முழங்கால் என்கிறார்கள். பால்வெளிக்குள் இருக்கும் துகள்முடுக்கிகளின் உச்ச வரம்பு இந்த இடத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்பது பலரும் ஏற்கும் கருத்து. பெட்டா அளவுக்குத் துகள்களை முடுக்கும் வான்பொருளுக்குப் பெவாட்ரான் என்று பெயர்.

அந்தப் பெவாட்ரான்கள் எங்கே இருக்கின்றன? துகள் வந்த திசையிலேயே திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? தெரியாது. பால்வெளி முழுவதும் மெல்லிய காந்தப்புலம் பரவியிருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் அதன் வலிமை ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. ஆனாலும் ஒரு பெட்டா ஆற்றல் கொண்ட புரோட்டானை, சுமார் ஓர் ஒளியாண்டு ஆரமுள்ள வட்டத்தில் வளைத்துவிட அது போதும். ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகளைக் கடந்து வரும் துகள் இப்படி எண்ணற்ற முறை திசைமாறிவிடுகிறது. நம்மிடம் வந்து சேரும்போது அதன் திசைக்கும் அது பிறந்த இடத்துக்கும் தொடர்பே இருக்காது.

காமா கதிர்கள் உதவிக்கு வருவது இங்கேதான். காமா கதிர் என்பது மிக உயர்ந்த ஆற்றல் கொண்ட ஒளி. அதற்கு மின்னூட்டம் இல்லாததால் காந்தப்புலம் அதை வளைப்பதில்லை; கிளம்பிய இடத்திலிருந்து நேர்க்கோட்டில் வருகிறது. முடுக்கப்பட்ட துகள் எதன்மீதாவது மோதும்போது அது பிறக்கிறது. ஆகவே காமா கதிர் வரும் திசையில் உயர் ஆற்றல் துகள்கள் இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்லலாம். அவை எலெக்ட்ரான்களா, புரோட்டான்களா என்பதை மட்டும் அந்தக் கதிர் தானாகச் சொல்லிவிடாது.

இனி நண்டு நெபுலா. 1054 ஜூலையில், ரிஷப ராசியில் காளையின் கொம்பு நுனிக்கு அருகே புதிய விண்மீன் ஒன்று தோன்றியதைச் சீன வானியலர்கள் பதிவு செய்தார்கள். 23 நாட்கள் அது பட்டப்பகலிலும் தெரிந்தது. பெரிய விண்மீன் ஒன்று தன் வாழ்நாள் முடிவில் வெடித்த சூப்பர்நோவா அது. சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் நடந்த அந்த வெடிப்பின் எச்சம் இன்று சிறிய தொலைநோக்கியில் மங்கலான வெண்திட்டாகத் தெரிகிறது. நெபுலா என்பது இப்படி விண்வெளியில் பரவி ஒளிரும் முகில்.

அதன் நடுவில் வெடித்த விண்மீனின் உள்ளகம் மிஞ்சியிருக்கிறது. சூரியனைவிட அதிக நிறை சுமார் 20 கிலோமீட்டர் விட்டத்துக்குள் நசுங்கிக் கிடக்கிறது. இதற்கு நியூட்ரான் விண்மீன் என்று பெயர். இது நொடிக்கு 30 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் கதிர்க்கற்றை பூமியின் பக்கம் வந்து போவதால் நமக்கு அது துடிப்பாகத் தெரிகிறது. இப்படித் துடிக்கும் நியூட்ரான் விண்மீன்களே பல்சார்கள். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல் முதல் பல்சாரைக் கண்டுபிடித்தார். நண்டு நெபுலாவின் பல்சார் அடுத்த ஆண்டே அகப்பட்டது.

இந்தப் பல்சார் தளர்ந்துகொண்டே வருகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் தினமும் சுமார் 36 நானோநொடி கூடுகிறது. நானோநொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. பார்க்க அற்பமான அளவுதான். ஆனால் அவ்வளவு நிறையுள்ள பொருள் அந்த அளவு தளர வேண்டுமானால், அது ஒவ்வொரு கணமும் இழக்கும் ஆற்றல் ஒரு லட்சம் சூரியன்கள் வெளியிடும் ஆற்றலுக்குச் சமம். அந்த ஆற்றல் எங்கே போகிறது? நெபுலாவுக்குத்தான். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த முகில் ஏன் மங்கவில்லை என்ற நெடுநாள் கேள்விக்கு இதில் விடை கிடைத்தது. பல்சார்கள் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வெளிவருவதற்கு முன்பே, 1967-இல், இத்தாலிய வானியற்பியலர் ஃபிராங்கோ பாச்சினி சுழலும் நியூட்ரான் விண்மீன் ஒன்று இப்படி நெபுலாவுக்கு ஆற்றல் ஊட்டக்கூடும் என்று எழுதியிருந்தார். அறிவியலில் இவ்வளவு சரியாகப் பலித்த கணிப்புகள் அதிகமில்லை.

ஆற்றல் கைமாறும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பல்சாரின் காந்தப்புலம் பூமியினதைவிடப் பல லட்சம் கோடி மடங்கு வலிமையானது. காந்தப்புலக் கோடுகள் விண்மீனோடு சேர்ந்தே சுழல்கின்றன. மையத்திலிருந்து விலகும் தொலைவு கூடக்கூட அவை சுழல வேண்டிய வேகமும் கூடுகிறது. சுமார் 1,600 கிலோமீட்டர் தொலைவில் அந்த வேகம் ஒளியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு அப்பால் சேர்ந்து சுழல முடியாது. அங்கே கோடுகள் விரிந்து, வெளிநோக்கி ஓடத் தொடங்குகின்றன.

விண்மீனுக்கு அருகில் வேறொன்று நடக்கிறது. சுழலும் காந்தப்புலம் கடுமையான மின்புலத்தை உண்டாக்குகிறது. அது துகள்களைப் பிய்த்தெடுத்து முடுக்குகிறது. அவை காமா கதிர்களை உமிழ்கின்றன. அத்தனை வலிய காந்தப்புலத்தில் ஒரு காமா கதிர் தனியாக நிலைத்திருக்க முடியாது. ஓர் எலெக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் பிரிந்துவிடுகிறது. பாசிட்ரான் என்பது எலெக்ட்ரானைப் போன்றே இருந்து, நேர் மின்னூட்டம் கொண்ட துகள். இந்த ஜோடிகளும் காமா கதிர்களை உமிழ்கின்றன, அவையும் பிரிகின்றன. இப்படிப் பெருகிய எலெக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் காந்தப்புலத்தோடு சேர்ந்து, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வெளியே வீசுகின்றன. பல்சார் காற்று என்பது இதுதான்.

இந்தக் காற்று வழியெல்லாம் பெரும்பாலும் இருட்டாகவே செல்கிறது. துகள்கள் ஒழுங்காக ஒரே திக்கில் ஓடும்வரை அவை அதிகம் ஒளிர்வதில்லை. பிறகு அந்தக் காற்று, மெதுவாக விரிந்துகொண்டிருக்கும் நெபுலாவின்மேல் போய் மோதுகிறது. குழாயிலிருந்து தட்டையான தொட்டியில் தண்ணீர் விழுவதைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: விழுந்த இடத்தைச் சுற்றி நீர் மெல்லிய படலமாக வேகமாகப் பரவும், சற்றுத் தள்ளி ஒரு வளையத்தில் திடீரென்று தடித்து, வேகம் தணிந்து, கலங்கி ஓடும். பல்சாரிலிருந்து ஓர் ஒளியாண்டின் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் இத்தகைய வளையம் ஒன்று இருக்கிறது. அதை நிறுத்த அதிர்வலை என்போம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி, 1999-இல் இந்த உள்வளையத்தைத் தெளிவாகப் படம் பிடித்தது. துகள்கள் மிக உயர்ந்த ஆற்றலுக்கு முடுக்கப்படுவது இந்த அதிர்வலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். அதிர்வலையை முன்னும் பின்னுமாகப் பலமுறை கடந்து துகள்கள் ஆற்றல் சேர்க்கின்றனவா, எதிரெதிர்க் காந்தக் கோடுகள் அறுந்து இணையும்போது அந்த ஆற்றலைப் பெறுகின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

முடுக்கப்பட்ட எலெக்ட்ரான் இரண்டு வழிகளில் ஒளி தருகிறது. காந்தப்புலத்தில் சுழலும்போது அது உமிழ்வது சிங்க்ரோட்ரான் ஒளி. நண்டு நெபுலாவின் நீல ஒளி, ரேடியோ அலை, எக்ஸ்-கதிர் எல்லாம் இவ்வகை. சோவியத் வானியற்பியலர் யோசிஃப் ஷ்க்லோவ்ஸ்கி 1953-இல் இதைச் சொன்னார். இரண்டாவது வழியில், அதே எலெக்ட்ரான் குறைந்த ஆற்றல் கொண்ட ஒரு ஃபோட்டான்மீது மோதி, தன் ஆற்றலின் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்துவிடுகிறது. இது தலைகீழ் காம்ப்டன் சிதறல். டெரா அளவுக் காமா கதிர்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

புரோட்டான் காமா கதிர் தரும் வழி வேறு. அது வாயுவில் உள்ள ஓர் அணுக்கருவின்மீது மோதினால் பையான் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் தெறிக்கின்றன. மின்னூட்டமில்லாத பையான் உடனே இரண்டு காமா கதிர்களாகச் சிதைகிறது. மின்னூட்டம் உள்ள பையான்கள் சிதையும்போது நியூட்ரினோக்கள் வருகின்றன. எலெக்ட்ரான் வழியில் நியூட்ரினோ கிடையாது. இரு வழிகளையும் ஐயமின்றிப் பிரித்தறிய இந்த ஒரு வேறுபாடே போதுமானது.

இத்தகைய காமா கதிர்களைப் பிடிப்பதே பெரும் பாடு. நண்டு நெபுலாவிலிருந்து ஒரு டெராவுக்கு மேற்பட்ட ஆற்றலுடன் வருபவை, ஒரு லட்சம் சதுர மீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள செயற்கைக்கோள் கருவி அப்படி ஒன்றைப் பார்க்கச் சுமார் 70 நாட்கள் காத்திருக்க வேண்டும். அதனால் வளிமண்டலத்தையே கருவியாக்கினார்கள். காமா கதிர் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது அது ஆயிரக்கணக்கான துகள்களாகப் பெருகிப் பொழிகிறது. காற்றில் ஒளியைவிட வேகமாகச் செல்லும் அத்துகள்கள் செரென்கோவ் ஒளி எனப்படும் நீல மினுக்கத்தைத் தருகின்றன. சில நானோநொடிகளே நீடிக்கும் அந்த மினுக்கம், தரையில் நூறு மீட்டருக்கு மேற்பட்ட ஆரத்தில் விழுகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் 10 மீட்டர் அகல ஆடியுடன் இயங்கிய விப்பிள் தொலைநோக்கியில், ட்ரெவர் வீக்ஸ் குழுவினர் இந்த முறையில் நண்டு நெபுலாவைக் கண்டு 1989-இல் அறிவித்தார்கள். டெரா ஆற்றல் வானியல் அங்கிருந்துதான் உறுதியாக நிலைபெற்றது. இன்றும் இத்துறையில் ஒரு பொருளின் பிரகாசத்தை 'நண்டில் இத்தனை சதவீதம்' என்றே சொல்கிறார்கள். நமீபியாவின் ஹெஸ், கனரித் தீவுகளின் மேஜிக், லடாக்கின் ஹான்லேயில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட 21 மீட்டர் மேஸ் ஆகிய தொலைநோக்கிகள் எல்லாம் இந்த வழிவந்தவை.

நூறு டெராவுக்கு மேல் போனால் இதுவும் போதாது. பொழிவின் துகள்களையே தரையில் எண்ண வேண்டும். அதில் ஒரு சிக்கல் உண்டு. காமா கதிர் ஒன்று வரும் நேரத்தில் காஸ்மிக் கதிர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இதே போன்ற பொழிவுகளைத் தரும். பிரித்தெடுக்க உதவுவது மியூவான். இது எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிட 200 மடங்கு கனமான, மண்ணையும் கல்லையும் துளைத்துச் செல்லும் துகள். புரோட்டான் பொழிவில் மியூவான்கள் நிறைய இருக்கும். காமா பொழிவில் மிகக் குறைவு. லாசோவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மியூவான் தொட்டிகள் மண்ணுக்கடியில் புதைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். இதே வேலையை ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அங்கே கான்கிரீட் அடுக்குகளுக்குக் கீழே, ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளமான 3,712 இரும்புக் குழாய்கள் மியூவான்களை எண்ணுகின்றன. முழங்காலுக்கு முன் புரோட்டான்களின் எண்ணிக்கை ஒரே சீராகக் குறைவதில்லை, சுமார் 166 டெராவில் சரிவு தணிகிறது என்று 2024-இல் அறிவித்தது இந்த ஊட்டி ஆய்வகம்தான்.

இப்போது மூலக் கேள்விக்கு வரலாம். பல்சார் காற்று நெபுலாக்களின் காமா கதிர்கள் எலெக்ட்ரான்களிடமிருந்து வருகின்றன என்று எப்படித் தெரியும்? ஹெஸ் தொலைநோக்கிகள் பார்த்த ஜே1825-137 என்ற நெபுலா நல்ல சாட்சி. குறைந்த ஆற்றலில் பார்த்தால் அது நூற்றுக்கணக்கான ஒளியாண்டு அகலம் விரிந்து கிடக்கிறது. ஆற்றலைக் கூட்டிக்கொண்டே பார்த்தால், படம் சுருங்கிச் சுருங்கிப் பல்சாரை நெருங்குகிறது. எலெக்ட்ரானின் ஆற்றல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு விரைவாக அது தன் ஆற்றலை இழக்கும். ஆகவே அதிக ஆற்றல் கொண்டவை தொலைவு போவதற்குள் களைத்துவிடுகின்றன. புரோட்டான்கள் ஆற்றலை மிக மெதுவாகவே இழப்பவை. அவை காரணமாக இருந்தால் படம் இப்படிச் சுருங்காது. ஹெஸ் குழு 2018-இல் வெளியிட்ட பால்வெளிக் கணக்கெடுப்பில் 78 காமா மூலங்கள் உள்ளன. அடையாளம் உறுதியான 31-இல் 12 இத்தகைய நெபுலாக்கள். வேறு எந்த வகையும் இத்தனை இல்லை.

நண்டு நெபுலாவின் 1.1 பெட்டா ஃபோட்டானையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். அதைத் தர, சுமார் 2 பெட்டா ஆற்றல் கொண்ட எலெக்ட்ரான் வேண்டும். அந்த நெபுலாவின் காந்தப்புலத்தில் அத்தகைய எலெக்ட்ரான் சில மாதங்களில் தன் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே அது பழைய சேமிப்பு அல்ல. முடுக்கும் வேலை இப்போதும் மும்முரமாக நடக்கிறது. இயற்கையின் விதிகள் அனுமதிக்கும் உச்ச வேகத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு அது நடக்கிறது என்று லாசோ குழு கணித்தது. நமக்குத் தெரிந்த எந்தச் சூப்பர்நோவா எச்சத்தின் அதிர்வலையும் இதன் அருகில் வராது. இந்த ஒரு முடிவுக்காகவே 2021-ஐ நினைவில் வைக்கலாம்.

எலெக்ட்ரான்கள், பாசிட்ரான்கள் வரையில் பல்சார்களின் பங்கு பூமிவரை நீளுகிறது. எதிர்பார்த்ததைவிட அதிகமான பாசிட்ரான்கள் காஸ்மிக் கதிர்களில் இருப்பதைப் பமேலா செயற்கைக்கோள் கருவி கண்டறிந்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள ஏஎம்எஸ்-02 அதை உறுதி செய்தது. நமக்குச் சுமார் 800 ஒளியாண்டு தொலைவில் உள்ள கெமிங்கா பல்சார் போன்றவை அதற்குக் காரணமாகலாம் என்று கருதப்பட்டது. 2017-இல் மெக்சிகோவின் ஹாக் ஆய்வகம் கெமிங்காவைச் சுற்றிப் பரந்த காமா ஒளிவட்டத்தைக் கண்டது. ஆனால் அங்கே துகள்கள் எதிர்பார்த்ததைவிட நூறு மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. அந்த வேகத்தில் அவை பூமியை எட்டியிருக்க முடியாது என்றது அக்குழு. அந்த மந்தகதி கெமிங்காவை ஒட்டிய பகுதியில் மட்டும் இருக்கலாம், அப்பால் வேகமெடுத்திருக்கலாம் என்பது மறுதரப்பின் வாதம்.

காஸ்மிக் கதிர்களில் 90 சதவீதமான புரோட்டான்களுக்கு யார் பொறுப்பு? அவற்றை முடுக்கத் தேவையான மொத்த ஆற்றலைத் தரக்கூடியவை சூப்பர்நோவா வெடிப்புகள் என்ற கருத்து 1934-இல் வால்டர் பாடே, ஃபிரிட்ஸ் சுவிக்கி இருவரும் எழுதிய காலத்திலிருந்தே உண்டு. ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரண்டு சூப்பர்நோவா எச்சங்களில் பையான் சிதைவின் தடயத்தை ஃபெர்மி விண்தொலைநோக்கி 2013-இல் கண்டது. அங்கே புரோட்டான்கள் முடுக்கப்படுவது நிச்சயம். ஆனால் இத்தகைய எச்சங்களில் பெட்டா அளவு ஆற்றல் இதுவரை தெளிவாகத் தென்படவில்லை. நண்டு நெபுலாவிலோ பெட்டா இருக்கிறது, புரோட்டான்தான் தென்படவில்லை. பல்சாரின் பரப்பிலிருந்து சில அணுக்கருக்களும் காற்றோடு பிய்ந்து வரக்கூடும் என்பது உண்மை. ஆயினும் நண்டுப் பல்சார் பிறந்தபோது அதன் சுழற்சியில் இருந்த மொத்த ஆற்றலே, சாதாரண சூப்பர்நோவா ஒன்றின் வெடிப்பு ஆற்றலில் சில சதவீதம்தான். பால்வெளியின் எல்லாப் புரோட்டான்களுக்கும் அந்தக் கையிருப்பு போதாது. முழங்காலை ஒட்டிய சிறு பகுதிக்கு அது பங்களிக்கலாம் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. இளம் பெருவிண்மீன்கள் கூட்டமாகப் பிறக்கும் பகுதிகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம். அன்னப்பறவை விண்மீன்குழுவில் உள்ள அத்தகைய பகுதி ஒன்றிலிருந்து பெட்டா அளவுக் காமா கதிர்கள் வருவதை லாசோ 2024-இல் விரிவாகக் காட்டியது.

தென் துருவப் பனிக்கடியில் உள்ள ஐஸ்கியூப் கருவி, பல்சார் காற்று நெபுலாக்களிலிருந்து நியூட்ரினோக்கள் வருகின்றனவா என்று தேடிப் பார்த்தது. பொருட்படுத்தத்தக்க எண்ணிக்கையில் எதுவும் கிடைக்கவில்லை. நண்டு நெபுலாவிலிருந்து ஒரு பெட்டாவுக்கு மேல் வந்த ஃபோட்டான்கள் கைவிரல்களால் எண்ணிவிடக்கூடியவை. அவை இன்னும் சேர வேண்டும். எலெக்ட்ரான்கள் மட்டுமே காரணம் என்றால் அந்த ஆற்றலுக்கு மேல் எண்ணிக்கை செங்குத்தாக விழும். விழாமல் நீண்டால், புரோட்டான்களும் அங்கே இருக்கின்றன என்று பேசத் தொடங்கலாம். அதுவரை நண்டு நெபுலாவை வெறுமனே பெவாட்ரான் என்று விட்டுவிடாமல், எலெக்ட்ரான் பெவாட்ரான் என்று முழுமையாகக் குறிப்பிடுவதே சரி என்று நாம் கருதுகிறோம்.